ஷெல் மெனுவில் கன்ட்ரோல்-சி: அடைப்பதா, பிடிப்பதா?

பிப்ரவரி 3, இரவு 9.40 (கேள்வி)

வணக்கம் அண்ணா. எங்க ஆபீஸ் சர்வர்ல ராத்திரி டூட்டி ஆட்களுக்காக பாஷ்ல (கட்டளைகளை ஓட்டுற ஷெல்) ஒரு மெனு எழுதி வச்சிருக்கேன். 1 போட்டா லாக் (டெய்ல் மைனஸ் எஃப், புது வரி வர வர காட்டிக்கிட்டே இருக்கும்), 2 பேக்கப், 3 சர்வீஸ் ரீஸ்டார்ட், 4 பிங், 0 வெளியேற. லாக் பார்த்துட்டு நிறுத்தறதுக்கு கன்ட்ரோல்-சி அடிச்சா, டெய்லோட சேர்ந்து மெனுவும் போயிடுது. எங்கயோ பார்த்து முதல் வரியிலேயே ட்ராப் '' இன்ட் போட்டேன். இப்ப மெனு சாகல, ஆனா டெய்லும் சாகல. இன்னொரு டெர்மினல் திறந்து கில் பண்ண வேண்டியிருக்கு. மெனு சாகக்கூடாது, உள்ள ஓடுறது மட்டும் சாகணும். வழி இருக்கா?

பிப்ரவரி 3, இரவு 10.25

இருக்கு தம்பி. அந்த இரண்டு மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டு அங்கே ஒரு முக்காற்புள்ளி வையுங்கள்: ட்ராப் : இன்ட். இப்போதைக்கு இதைப் போட்டு ராத்திரி வேலையை ஓட்டுங்கள். ஏன் என்று காலையில் எழுதுகிறேன். இந்த ஒரு எழுத்து மாற்றத்துக்குப் பின்னால் இருக்கிற விஷயம் தெரியாமல்தான் பாதி மெனு ஸ்கிரிப்டுகள் கெட்டுப்போகின்றன.

(கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

பிப்ரவரி 4, காலை 7.50

கன்ட்ரோல்-சி அடித்தால் அந்த எழுத்து உங்கள் ஸ்கிரிப்டுக்குப் போவதே இல்லை. கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிற டெர்மினல் டிரைவர் அதை வழியிலேயே எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் முன்னணியில் இருக்கிற ப்ராசஸ் குழு முழுவதற்கும் சிக்இன்ட் என்ற சிக்னலை அனுப்புகிறது. சிக்னல் எண் 2. ஸ்கிரிப்டுக்குள் ஜாப் கன்ட்ரோல் (ஒவ்வொரு வேலையையும் தனிக் குழுவாக வைக்கிற வசதி) கிடையாது என்பதால் உங்கள் பாஷும் அது கிளப்பிய டெய்லும் ஒரே குழு. ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அடி விழுகிறது.

இனி ட்ராப், அதாவது பொறி: சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று ஷெல்லிடம் சொல்லி வைக்கிற கட்டளை. மூன்று விதமாக எழுதலாம், மூன்றும் மூன்று வேலை.

ட்ராப் '' இன்ட் என்றால் 'இந்தச் சிக்னலைக் கண்டுகொள்ளாதே' என்று கர்னலிடமே சொல்லிவிடுவது. இந்தக் கண்டுகொள்ளாமை ஃபோர்க் (பிள்ளை ப்ராசஸ் பிறப்பது), எக்ஸெக் (அதில் புதிய நிரலை ஏற்றுவது) இரண்டையும் தாண்டிப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். டெய்ல் பிறக்கும்போதே காது அடைத்துக்கொண்டுதான் பிறக்கிறது. அதனால்தான் உங்கள் டெய்ல் சாகவில்லை.

ட்ராப் : இன்ட் என்றால் 'சிக்னல் வந்தால் நான் ஒரு கட்டளை ஓட்டுவேன்' என்பது. அந்தக் கட்டளை ஒன்றுமே செய்யாத முக்காற்புள்ளி, அவ்வளவுதான். ஆனால் இப்படி வைத்த பொறி எக்ஸெக்கைத் தாண்டாது. புதிய நிரலுக்குள் பழைய நிரலின் ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடுகிற பகுதி) இருக்க முடியாது என்பதால், கர்னல் அதை இயல்பு நிலைக்குத் திருப்பிவிடும். டெய்ல் சாகும், பாஷ் பிழைக்கும்.

ட்ராப் - இன்ட் என்றால் பொறியை எடுத்துவிட்டுப் பழைய நிலைக்கு வா என்பது.

மேற்கோள் அடைக்கும், முக்காற்புள்ளி பிடிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் இதிலிருந்து வரும்.

பிப்ரவரி 4, காலை 8.05

ஒன்று விட்டுப்போனது. முதல் வரியில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். மெனு சும்மா நின்று எண் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் கன்ட்ரோல்-சி அடித்தால் அவர் வெளியே போக விரும்புகிறார் என்றுதான் பொருள். விடுங்கள், போகட்டும். உள்ளே ஒரு வேலையைக் கிளப்புவதற்கு முன் ட்ராப் : இன்ட், அது முடிந்ததும் ட்ராப் - இன்ட். அவ்வளவே.

பயனரின் கையில் இருக்கிற ஒரே பிரேக் அந்தச் சாவி. 'மெனுவை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது' என்று அதைப் பிடுங்கிக்கொள்கிற ஸ்கிரிப்டுகள் எனக்குப் பிடிப்பதில்லை. வெளியே விடக்கூடாது என்பது வேறு பிரச்சனை. அதைப் பிறகு தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, மாலை 6.30

பிங் பற்றிக் கேட்டிருந்த தங்கைக்கு. 'என் மெனுவில் ட்ராப் ஒன்றும் இல்லை. ஆனாலும் பிங் ஓடும்போது கன்ட்ரோல்-சி அடித்தால் மெனு பிழைக்கிறது, டெய்ல் ஓடும்போது அடித்தால் சாகிறது, இது என்ன நியாயம்' என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி, கவனித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பாஷ் சிக்இன்ட் வந்தவுடன் சாவதில்லை. முன்னணியில் ஓடுகிற பிள்ளை முடியும்வரை காத்திருந்து, அது எப்படிச் செத்தது என்று பார்க்கிறது. பிள்ளை அந்தச் சிக்னலாலேயே செத்திருந்தால், பயனர் எல்லாவற்றையும் நிறுத்தத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டு தானும் அதே சிக்னலால் சாகிறது. பிள்ளை சிக்னலைத் தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்திவிட்டு ஒழுங்காக முடிந்திருந்தால், அது அவர்கள் வீட்டு விஷயம் என்று விட்டுவிடுகிறது. பிங் கன்ட்ரோல்-சியைப் பிடித்து, எத்தனை பாக்கெட் போனது, எத்தனை வந்தது என்ற கணக்கை அச்சிட்டுவிட்டுச் சாதாரணமாக வெளியேறும். டெய்ல் அப்படி எதுவும் செய்யாது, நேராகச் சாகும்.

லெஸ் (கோப்பைப் பார்ப்பது), விம் (கோப்பைத் திருத்துவது) போன்றவை உள்ளே ஓடும்போது மெனு சாகாமல் இருப்பதற்கும் இதே ஏற்பாடுதான் காரணம்.

ஆனால் இது பாஷின் குணம். டெபியன், உபுன்டுவில் பின்-எஸ்ஹெச் (அமைப்பின் இயல்பான ஷெல்) என்பது டேஷ் என்ற வேறு ஷெல் (உபுன்டுவில் 2006 முதல், டெபியனில் 2011 முதல்). டேஷ் ஸ்கிரிப்ட் இப்படிக் காத்திருக்காது, சிக்னல் வந்தவுடன் போய்விடும். உள்ளே லெஸ் திறந்திருக்கும்போது கன்ட்ரோல்-சி அடித்தால் மெனு போய், லெஸ் மட்டும் உயிரோடு நின்று, அதற்கும் உங்கள் லாகின் ஷெல்லுக்கும் ஒரே டெர்மினலில் இழுபறி. முதல் வரியில் எந்த ஷெல் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். வேலைக்கு முன் பொறி வைத்திருந்தால் இரண்டிலும் ஒரே மாதிரி நடக்கும். அதற்காகவும்தான் அதை வலியுறுத்துகிறேன்.

பிப்ரவரி 6, இரவு 11.10

முதல் நாள் சொன்ன விடை ஒற்றைக் கட்டளைக்குப் போதும். ஆனால் ஒரு மெனு எண்ணுக்குப் பின்னால் சுற்று இருந்தால்? ஒரு அடைவில் உள்ள லாக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஜிஜிப் செய்கிற (சுருக்குகிற) ஃபார் சுற்று என்று வையுங்கள். பொறி வைத்த நிலையில் கன்ட்ரோல்-சி அடித்தால் அப்போது ஓடுகிற ஜிஜிப் மட்டும் சாகும். பாஷ் முக்காற்புள்ளியை ஓட்டிவிட்டு அடுத்த கோப்புக்குப் போகும். கோப்பு நூறு இருந்தால் நூறு முறை அடிக்க வேண்டியதுதான்.

இதற்கு அழகான வழி, வேலை முழுவதையும் வளைவு அடைப்புக்குறிக்குள், அதாவது சப்ஷெல்லுக்குள் (ஷெல்லின் பிள்ளை நகல்) போடுவது. சப்ஷெல் பிறக்கும்போது பிடிக்கிற பொறிகள் எல்லாம் இயல்புக்குத் திரும்பும் (அடைத்த பொறிகள் அப்படியே இருக்கும், ஜாக்கிரதை). ஆகவே கன்ட்ரோல்-சி அடித்தால் உள்ளே ஓடுகிற ஜிஜிப் சாகும், அதைப் பார்த்து சப்ஷெல்லும் சாகும், சுற்று மொத்தமாக நிற்கும். வெளியே முக்காற்புள்ளியோடு இருக்கிற மெனு மட்டும் பிழைக்கும்.

ஆக என் பரிந்துரை இப்போது இப்படி மாறுகிறது. மெனுவின் எல்லா எண்ணுக்கும் ஒரே அமைப்பு:

ட்ராப் : இன்ட்
( வேலை )
ட்ராப் - இன்ட்

இதை ஒரு ஃபங்ஷனாக எழுதி வைத்துக்கொண்டால் கேஸ் கட்டளையின் ஒவ்வொரு கிளையிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம். விலை ஒன்றே ஒன்று: சப்ஷெல்லுக்குள் மாற்றிய மாறிகளும் மாறிய அடைவும் வெளியே வராது. மெனுவுக்கு அது பெரும்பாலும் நல்லதுதான். ஒரு வேலை போட்ட சிடி அடுத்த வேலையைக் கெடுக்காது.

பிப்ரவரி 7, காலை 9.15

ட்ராப் '' 1 2 3 15. இந்த வரியை இன்னும் எத்தனை ஸ்கிரிப்டுகளில் பார்க்கிறேன். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் போர்ன் ஷெல் காலத்திலிருந்து எண்ணாகவே கைமாறி வருகிற வழக்கம். 1 ஹப், 2 இன்ட், 3 க்விட், 15 டெர்ம். நான்கையும் அடைத்துவிட்டால் மெனு அசையாது என்று நினைத்துப் போடுகிறார்கள்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ராத்திரி டூட்டி ஆள் மெனுவைத் திறந்து வைத்துவிட்டு லேப்டாப்பை மூடுகிறார். எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுகிறது. டெர்மினல் போய்விட்டது என்று கர்னல் சிக்ஹப் அனுப்புகிறது. நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள், மெனு சாகவில்லை. அடுத்து, எண்ணை வாங்குகிற ரீட் கட்டளை, இப்போது இல்லாத டெர்மினலைப் படிக்கப் பார்க்கிறது, உடனே தோல்வியோடு திரும்புகிறது. மாறி காலி. கேஸ் 'தவறான எண்' கிளைக்குப் போகிறது. வைல் ட்ரூ மறுபடி மேலே அனுப்புகிறது. ரீட், தோல்வி, தவறான எண், ரீட், தோல்வி. ஒரு சிபியு கோர் முழுவதையும் தின்றுகொண்டு யாருக்கும் தெரியாமல் சுற்றும். மறுநாள் டாப் போட்டுப் பார்த்தால் இப்படி மூன்று நான்கு மெனு உட்கார்ந்திருக்கும். டெர்மையும் அடைத்துவிட்டதால் சாதாரண கில்லுக்கும் சாகாது, அடைக்கவே முடியாத சிக்னல் 9தான் போட வேண்டும்.

இணைப்பு அறாமலே இதைப் பார்க்கலாம். உங்கள் மெனுவில் கன்ட்ரோல்-டி அடித்துப் பாருங்கள். அது சிக்னல் இல்லை, உள்ளீடு முடிந்தது என்ற செய்தி. திரை முழுக்க மெனு பாய்ந்தோடினால் உங்களுக்கும் இந்த நோய் இருக்கிறது.

மருந்து சின்னது. ரீட் எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும், படிக்க முடியாவிட்டால் வெளியேறு என்று அதே வரியில் எழுதுங்கள். இரண்டு செங்குத்துக் கோடு, பிறகு எக்ஸிட். ஹப், டெர்ம் இரண்டையும் தொடாதீர்கள். சர்வரை அணைக்கிறவர் அனுப்புகிற மரியாதையான கடைசிச் செய்தி டெர்ம். அதை மதிக்காத ஸ்கிரிப்ட் கடைசியில் 9ஐ வாங்கிக்கொண்டு, எதையும் சுத்தம் செய்யாமல் போகும்.

பிப்ரவரி 7, மதியம் 1.40

எண்ணிட்ட மெனுவைத் தானே காட்டுகிற பாஷின் செலக்ட் கட்டளையில் இந்தத் தொல்லை கிடையாது. கன்ட்ரோல்-டி அடித்தால் சுற்று தானாக முடிந்துவிடும், வெறும் என்டர் அடித்தால் மெனுவைத் திரும்பக் காட்டும். தோற்றம் பிடிக்காது என்று பலர் ஒதுக்குகிறார்கள். உள்ளூர் வேலைக்கு எனக்கு அது போதும்.

பிப்ரவரி 9, இரவு 10.05

'ரீட் நிற்கும்போதும் பொறி வேண்டும், கன்ட்ரோல்-சி அடித்தால் மெனு முதலிலிருந்து வர வேண்டும்' என்று கேட்ட நண்பருக்கு.

பொறி வைத்திருந்தால் பாஷ் ரீட்டின் நடுவில் பொறிக் கட்டளையை ஓட்டிவிட்டு அதே ரீட்டைத் தொடரும். பிராம்ப்டைத் திரும்ப அச்சிடாது. பயனருக்குக் கூரைக்குறியும் சியும் (^C) மட்டும் தெரியும், கர்சர் அதன் பக்கத்தில் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும். மெனு உறைந்துவிட்டது என்று நினைப்பார். பாதி தட்டியிருந்த எண்ணையும் டெர்மினல் டிரைவர் தூக்கி எறிந்திருக்கும். ஆகவே பொறிக் கட்டளையிலேயே புது வரியையும் பிராம்ப்டையும் அச்சிட்டுவிடுங்கள், அது போதும். பாஷை பாசிக்ஸ் முறையில் (ஷெல் தரநிலையை அப்படியே பின்பற்றுவது) ஓட்டினால் நடப்பது வேறு: பொறி ஓடியபின் ரீட் 128க்கு மேற்பட்ட நிலையோடு திரும்பிவிடும். அப்போது 'படிக்க முடியாவிட்டால் வெளியேறு' என்ற முந்தாநாள் வரி கன்ட்ரோல்-சிக்கும் வெளியேற்றிவிடும். 128க்கு மேலா, 1ஆ என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? பிராம்ப்டில் கன்ட்ரோல்-சி வெளியேறட்டும் என்றுதான் இன்னும் சொல்வேன்.

அந்தக் கூரைக்குறி-சி கண்ணை உறுத்தினால் எஸ்டிடிஒய் (டெர்மினல் அமைப்பை மாற்றுகிற கட்டளை) மைனஸ் எக்கோசிடிஎல் போட்டால் மறையும்.

பிப்ரவரி 10, காலை 7.20

எஸ்டிடிஒய் என்றதும் ஞாபகம் வருகிறது. கடவுச்சொல் கேட்பதற்கு எஸ்டிடிஒய் மைனஸ் எக்கோ போட்டுவிட்டு ரீட் செய்கிற ஸ்கிரிப்டில், நடுவில் கன்ட்ரோல்-சி அடித்தால் ஸ்கிரிப்ட் போகும், எக்கோ திரும்பாது. அதன்பின் தட்டுவது எதுவும் திரையில் தெரியாது. கர்சரை மறைக்கிற டிபுட் சிவிஸ் போட்டவர்களுக்கும் இதே கதி. அமைப்பைத் தொடுவதற்கு முன் எஸ்டிடிஒய் மைனஸ் ஜி கொடுக்கிற வரியை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, ட்ராப் எக்ஸிட்டில் (ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடுகிற பொறி) அதைத் திருப்பிப் போடுங்கள்.

இங்கேயும் ஷெல் மாறினால் நடத்தை மாறும். சிக்இன்ட்டால் சாகும்போதும் பாஷ் எக்ஸிட் பொறியை ஓட்டும். டேஷ் ஓட்டாது. டேஷுக்கு இன்ட்டுக்கென்று தனியாக ஒரு பொறி வைத்து, அதில் எக்ஸிட் 130 என்று எழுதினால் எக்ஸிட் பொறியும் பின்னாலேயே ஓடும். 130 என்பது 128 கூட்டல் சிக்னல் எண் 2.

பாஷில் மட்டும் ஓடுகிற ஸ்கிரிப்ட் என்றால் 130 போட்டு வெளியேறுவதைவிடச் சரியான முறை ஒன்று உண்டு: சுத்தம் செய்துவிட்டு, ட்ராப் - இன்ட் போட்டு, அதே சிக்னலைத் தனக்கே கில் மூலம் அனுப்பிக்கொள்வது. பிங் விஷயத்தில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். உங்கள் மெனுவை இன்னொரு பாஷ் ஸ்கிரிப்ட் அழைத்திருந்தால், நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்று அது பார்க்கும். 130 என்ற எண்ணோடு ஒழுங்காக வெளியேறினால் அது உங்களைப் பிங் மாதிரி எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

பிப்ரவரி 12, இரவு 9.30

கேள்வி கேட்ட தம்பி, பேக்கப்புக்கு மட்டுமாவது ட்ராப் '' போடலாமா, பாதியில் நிறுத்தினால் அரைகுறை கோப்பு மிஞ்சுகிறதே என்கிறார். கவலை நியாயமானது. ஆனால் அடைத்தால் தீராது. மின்சாரம் போனாலும், வட்டு நிரம்பினாலும், கில் 9 வந்தாலும் அதே அரைகுறை கோப்புதான்.

தற்காலிகப் பெயரில் எழுதுங்கள், முழுவதும் முடிந்தபின் எம்வி போட்டு உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் எம்வி என்பது வெறும் பெயர் மாற்றம், பாதி நடந்த நிலை என்று ஒன்று அதற்கு இல்லை. உண்மைப் பெயரில் இருக்கிற கோப்பு எப்போதும் முழுக் கோப்பு. மிஞ்சிய தற்காலிகக் கோப்பை அடுத்த பேக்கப் தொடங்கும்போது அழித்துக்கொள்ளலாம். டம்ப்பைப் பைப் வழியாக ஜிஜிப்புக்கு அனுப்புகிறீர்கள் என்றால் செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில் கட்டாயம். இல்லையென்றால் டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஜிப் வெற்றி என்று சொல்லிவிடும், எம்வியும் ஓடிவிடும்.

உங்கள் 3ஆம் எண், சர்வீஸ் ரீஸ்டார்ட்: ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிற சிஸ்டம்சிடிஎல் கட்டளையை கன்ட்ரோல்-சி போட்டு நிறுத்தினால் நிற்பது உங்கள் காத்திருப்பு மட்டும். வேலை, சர்வீஸ்களை நடத்துகிற சிஸ்டம்டியிடம் போய்விட்டது, அது தொடரும். டூட்டி ஆட்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். 'நான் நிறுத்திட்டேன்' என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

பிப்ரவரி 12, இரவு 9.50

பின்னணியில் அனுப்பினால் (வரிக் கடைசியில் அம்பர்சண்ட்) கணக்கு தலைகீழ். ஜாப் கன்ட்ரோல் இல்லாத ஸ்கிரிப்டில் பின்னணிப் பிள்ளைக்கு இன்ட்டும் க்விட்டும் பிறவியிலேயே அடைபட்டிருக்கும். பொறி வைத்துவிட்டு வெயிட்டில் (பிள்ளை முடியக் காத்திருக்கும் கட்டளை) நின்றால், கன்ட்ரோல்-சிக்கு வெயிட் உடனே திரும்பும், பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கும். அதன் எண்ணை வைத்து நீங்கள்தான் டெர்ம் அனுப்ப வேண்டும். அந்தப் பிள்ளையே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் என்றால், உள்ளே ட்ராப் போட்டு இன்ட்டைத் திரும்பப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நுழையும்போதே அடைபட்ட சிக்னலை ஸ்கிரிப்டால் திறக்க முடியாது.

பிப்ரவரி 15, காலை 8.40

தனியாக எழுதுகிறேன் என்று சொன்ன விஷயம்: மெனுவை விட்டுப் பயனரை வெளியே விடக்கூடாது.

லாகின் செய்ததும் ஓடுகிற டாட்-ப்ரொஃபைல் கோப்பின் கடைசி வரியில் மெனுவை அழைத்து, மேலே ட்ராப் '' போட்டுவிட்டுப் பாதுகாப்பு என்கிறார்கள். ட்ராப் வரி ஓடுவதற்கு முன் இருக்கிற நொடிப்பொழுதில் கன்ட்ரோல்-சி விழுந்தால் முழு ஷெல் கையில். சிக்னலை நம்பி வேலி கட்டக்கூடாது. மெனுவையே அந்தப் பயனரின் லாகின் ஷெல்லாக இடிசி-பாஸ்வேர்டு கோப்பில் வையுங்கள், அல்லது எஸ்எஸ்ஹெச்டி அமைப்பில் ஃபோர்ஸ்கமாண்ட் (உள்ளே வருபவருக்கு இந்தக் கட்டளை மட்டும் என்கிற வரி) போடுங்கள். மெனு செத்தால் இணைப்பும் போகும், பின்னால் ஷெல் எதுவும் இருக்காது. கன்ட்ரோல்-சியைத் தாராளமாக விட்டுவிடலாம்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது உள்ளே திறந்து கிடக்கிற கதவுகள். லாக் காட்ட லெஸ் வைத்திருந்தால் அதில் ஆச்சரியக்குறி தட்டினால் ஷெல் வரும். லெஸ்செக்யூர் என்ற சூழல் மாறியை 1 ஆக்கினால் அது மூடும். மேன் கட்டளையும் லெஸ்ஸைத்தான் திறக்கும், விஐயிலும் ஷெல் உண்டு. 2014 செப்டம்பரில் வெளியான ஷெல்ஷாக் பாஷ் ஓட்டையில் ஃபோர்ஸ்கமாண்டைக்கூடத் தாண்ட முடிந்தது, சூழல் மாறி வழியாக. பாஷைப் புதுப்பித்து வைத்திருப்பதும் இந்த வேலியில் ஒரு கல்.

பிப்ரவரி 16, மாலை 5.15

பைத்தானில் மெனு எழுதியவர் ஒருவர் 'எங்களுக்கும் இதே தொல்லை' என்கிறார். அங்கே பெரும்பாலும் காரணம் வெறும் எக்ஸெப்ட் (பிழையைப் பிடிக்கிற வரி), பிழையின் பெயர் இல்லாமல் எழுதியது. கன்ட்ரோல்-சி கொண்டுவருகிற கீபோர்ட்இன்டரப்ட்டையும் அது விழுங்கிவிடும். 2006இல் வந்த பைத்தான் 2.5 முதல் அது எக்ஸெப்ஷன் வகுப்பின் கீழ் வராது, பேஸ்எக்ஸெப்ஷனின் கீழ் நேராக வரும். எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன் என்று பெயர் சொல்லி எழுதினாலே கன்ட்ரோல்-சி தப்பித்துவிடும்.

பிப்ரவரி 19, இரவு 10.30

தம்பி இன்று எழுதியிருக்கிறார்: மெனு இப்போது ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் சில ராத்திரி அப்படியே உறைகிறது, கன்ட்ரோல்-சி அடித்தால்தான் விடுகிறது என்று.

டூட்டி ஆள் யாராவது 'சேவ்' பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அடிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். டெர்மினலில் அது வெளியீட்டை நிறுத்தி வைக்கும் சாவி, கன்ட்ரோல்-க்யூ அடித்தால் திரும்ப ஓடும். மெனு தொடக்கத்தில் எஸ்டிடிஒய் மைனஸ் இக்ஸான் போட்டால் இந்தத் தொல்லை போகும். முடியும்போது பழைய அமைப்பைத் திருப்பிப் போட 10ஆம் தேதி சொன்ன எக்ஸிட் பொறி இருக்கிறதல்லவா, அதுவே இதையும் பார்த்துக்கொள்ளும்.